'லிம்': கோடும் ஒளியும் சேர்ந்த ஓர் ஆங்கில வினைச்சொல்

ஆங்கில நாவல்களுக்கு வரும் மதிப்புரைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் என்றாவது ஒரு நாள் இந்தச் சொல்லில் தடுக்கி நிற்பார்கள். எல், ஐ, எம், என். நான்கே எழுத்து. முதல் முறை பார்க்கும்போது ஏதோ ஓர் எழுத்து விடுபட்ட அச்சுப்பிழை மாதிரிதான் தெரியும். பினாங்கில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சொல்லை அகராதியில் தேடிப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "வரை, விவரின்னு போட்டிருக்கு டீச்சர். அதுக்குத்தான் வேற சொல் இருக்கே, அப்புறம் இது எதுக்கு?"

நியாயமான கேள்வி. அகராதி சொல்வது தப்பில்லை. ஆனால் அந்த இரண்டு பொருளையும் இணைக்கும் நரம்பை அது காட்டுவதில்லை. அது பிடிபட்டால், இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் எழுதியவர் எதற்காக இதை எடுத்தார் என்று விளங்கிவிடும்.

முதலில் உச்சரிப்பு. கடைசியில் நிற்கும் 'என்' ஒலிக்காது. சொல்ல வேண்டியது வெறும் 'லிம்'. பினாங்குக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் வரும் அதே 'லிம்'தான். 'ஹிம்' (துதிப்பாடல்), 'ஆட்டம்' (இலையுதிர் காலம்), 'காலம்' (தூண்) ஆகிய ஆங்கிலச் சொற்களின் கடைசியிலும் இப்படி ஒரு 'என்' வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் ஓர் உயிரொலி வந்து ஒட்டினால் அது விழித்துக்கொள்ளும்: 'ஆட்டம்' என்பது 'ஆட்டம்னல்' ஆகும், 'காலம்' என்பது 'காலம்னிஸ்ட்' ஆகும். அதே மாதிரி 'லிம்' செய்பவர் 'லிம்னர்'. இறந்தகாலத்தில் 'லிம்ட்'. 'இங்' சேரும்போது மட்டும் 'லிம்மிங்', 'லிம்னிங்' என்று இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். இரண்டும் சரி.

இனி, அந்த நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்ப்போம்.

இலத்தீனில் 'லூமன்' என்றால் ஒளி. அதிலிருந்து 'இல்லுமினாரே', ஒளியேற்று. அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து, தேய்ந்து, உருமாறி, 'லிம்' ஆனது. அச்சு இயந்திரம் பரவாத காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைத் தோல்தாளில் கையால் எழுதினார்கள். பத்தியின் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதி, அதற்குள் கொடியும் பறவையும் வரைந்து, பொன் தகடு ஒட்டி மெருகேற்றுவார்கள். பக்கத்தைத் திருப்பும்போது அந்தப் பொன்னில் வெளிச்சம் பட்டு ஏடே ஒளிரும். அதனால்தான் அந்த வேலைக்கு ஒளியேற்றுதல் என்று பெயர். 'லிம்' என்பதன் முதல் பொருளும் அதுதான்: ஏட்டை வண்ணத்தாலும் பொன்னாலும் ஒளியேற்றுவது. நம் ஓலைச்சுவடியில் பொன்னுக்கு வேலையில்லை. எழுத்தாணியால் கீறி, கீறலில் மை தடவினால் எழுத்து எழுந்து வரும். கீறலும் மையும் நமக்கு. கோடும் பொன்னும் அவர்களுக்கு.

அச்சு வந்த பிறகு ஏட்டுக்கு ஒளியேற்றும் வேலை குறைந்தது. ஆனால் அந்தக் கைத்திறன் போய்விடவில்லை. அதே நுண்தூரிகை, அதே நீர்வண்ணம், அதே தோல்தாளைக் கொண்டு உள்ளங்கையில் அடங்கும் முகப்படங்களை வரையத் தொடங்கினார்கள். இதற்கும் 'லிம்னிங்' என்றுதான் பெயர். இந்தக் கலையில் இங்கிலாந்தின் பெரிய கை நிக்கோலஸ் ஹில்லியர்டு. முதலாம் எலிசபெத் அரசியை வரைந்தவர். 1619-இல் இறந்தார். 1600-ஐ ஒட்டி, இந்தத் தொழிலைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதினார். கையெழுத்துப் படியாகவே கிடந்த அது 20-ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறியது.

அந்த நூலிலிருந்து ஒன்றிரண்டு விஷயங்களை என் மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்வேன். வரைகிறவர் பட்டு உடுத்த வேண்டும் என்கிறார் ஹில்லியர்டு. மற்றத் துணிகளிலிருந்து நூலும் தூசியும் உதிரும், பட்டில் அது குறைவு. தலையிலிருந்து பொடுகு படத்தின்மேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படத்துக்கு மேல் குனிந்துகொண்டு பேசக் கூடாது, எச்சில் தெறித்து முகத்தில் ஒரு துளி பட்டால் போதும், அதைத் திருத்தவே முடியாது. வெள்ளிப் பூச்சை மெருகேற்ற மரநாய் இனத்தைச் சேர்ந்த ஏதாவது ஒரு சின்னக் காட்டு விலங்கின் பல் நல்லது என்கிறார். படம் வரையும் தோல்தாளைச் சீட்டுக்கட்டின் அட்டையில் ஒட்டிக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். எச்சில் துளிக்குக்கூட இடம் தராத வேலை அது. 'லிம்' என்ற சொல்லுக்குள் இன்றைக்கும் அந்தக் கவனம் இருக்கிறது. பெரிய தூரிகையால் சுவரில் அடித்துவிட்டுப் போகிற வேலைக்கு இந்தச் சொல் பொருந்தாது.

அதைவிட முக்கியமான ஒரு செய்தியும் அந்த நூலில் உண்டு. எலிசபெத் அரசி முதன்முதலில் ஹில்லியர்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோது, நிழலில்லாத திறந்த தோட்டப் பாதையைத் தேர்ந்தெடுத்தாராம். முகத்தில் நிழல் விழக் கூடாது. ஹில்லியர்டின் கொள்கையும் அதுதான். நிழல் தீட்டாமல் கோடு மட்டும் இருந்தாலே பார்க்கத் தெரிந்தவருக்கு எல்லாம் தெரியும், கோடு இல்லாத நிழல் எதையும் காட்டாது என்கிறார். உயிருள்ள ஒன்றைப் பார்த்து வரைவதில் தலையான பங்கு கோட்டின் உண்மைக்குத்தான் என்பது அவர் முடிவு.

கோட்டின் உண்மை. 'லிம்' என்ற சொல்லைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல திறவுகோல் எனக்குக் கிடைத்ததில்லை.

இதை நம் ஊரிலேயே கண்ணால் பார்க்கலாம். ஜார்ஜ்டவுனுக்கு 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்த பிறகு, பழைய நகரத்துச் சுவர்களில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்களை மாநில அரசு வைத்தது. தெருத் தெருவாக ஐம்பதுக்கும் மேல் இருக்கின்றன. லவ் லேனில் மனைவிக்குத் தெரியாமல் நழுவும் கணவனைப் பார்த்திருப்பீர்கள். நிறமில்லை, நிழலில்லை, முகத்தில் தசையுமில்லை. இருப்பது கறுப்புக் கம்பி மட்டும். ஆனாலும் ஆள் யார், என்ன எண்ணத்தில் இருக்கிறான் என்று தெருவில் போகிறவர்களுக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும். அதே ஜார்ஜ்டவுனில், லெபோ ஆர்மேனியனில், 2012-இல் எர்னஸ்ட் ஸச்சரேவிக் வரைந்த சைக்கிள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது வேறு வகை. வண்ணமும் நிழலும் உண்டு, சுவரோடு சேர்த்து நிறுத்திய நிஜச் சைக்கிளும் உண்டு. அதை ஆங்கிலத்தில் 'பெயின்ட்' என்று சொன்னால் போதும். கம்பிச் சித்திரம் செய்வதுதான் 'லிம்'.

இவ்வளவும் ஓவியத்தைப் பற்றியது. சொல்லால் வரைவதற்கு இந்த வினை எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு ஷேக்ஸ்பியரைப் பார்க்கலாம். 1593-இல் வந்த 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' கவிதையில், நிஜக் குதிரையையே மிஞ்சும்படி ஒரு குதிரையை வரையும் ஓவியனுக்கு இந்தச் சொல்லைத் தருகிறார். அங்கே அது இன்னும் ஓவியத் தொழில்தான். 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் அது ஓர் அடி நகர்ந்துவிடுகிறது. நாட்டை இழந்து காட்டில் வாழும் பிரபு, எதிரே நிற்கும் ஆர்லாண்டோ என்ற இளைஞனின் முகத்தில் தன் பழைய நண்பரின் உருவம் அப்படியே 'லிம்ட்' ஆகி உயிரோடு இருப்பதைத் தன் கண்ணே பார்க்கிறது என்கிறார். அந்த நண்பர்தான் ஆர்லாண்டோவின் அப்பா. தமிழில் இதை நாம் நொடியில் சொல்லிவிடுவோம்: அப்பாவை உரித்து வைத்த மாதிரி. இங்கே தூரிகையும் கிடையாது, தாளும் கிடையாது. வரைந்தது இரத்தம்.

பிரான்சிஸ் பேக்கன் எழுதியதாக அறியப்படும் ஒரு கவிதையில், நிலையில்லாத மனித வாழ்வை நம்புகிறவன் நீரின்மேல் 'லிம்' செய்கிறான் அல்லது புழுதியில் எழுதுகிறான் என்று ஒரு வரி வரும். மூதுரை படித்த பிள்ளைகளுக்கு இதற்கு விளக்கமே வேண்டாம். ஈரமில்லாத நெஞ்சத்தார்க்குச் செய்த உதவி 'நீர்மேல் எழுத்துக்கு நேர்' என்று ஔவை சொன்னது நினைவுக்கு வந்துவிடும். சொல்ல வந்த கருத்து வேறு வேறு, பிடித்த காட்சி ஒன்றேதான்.

தமிழ் இலக்கியத்திலும் கோட்டோவியத்தின் வலிமை தெரிந்த ஓர் இடம் உண்டு. நெடுநல்வாடையில், போருக்குப் போன கணவனைப் பிரிந்து அணிகலன் களைந்து அமர்ந்திருக்கும் அரசியை 'புனையா ஓவியம்' போல இருந்தாள் என்கிறது பாட்டு. வண்ணம் ஏற்றாமல் கோட்டளவில் நிற்கும் படம். நகையும் பூச்சும் போன பிறகும் அவள் உருவம் முழுதாகத் தெரிகிறது, சொல்லப்போனால் அப்போதுதான் தெரிகிறது. 'லிம்' என்பதன் சுவையை ஒரு தமிழ் வாசகருக்கு ஒரே வரியில் காட்டு என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

சரி, ஆங்கிலத்தில் இதற்கு ஒத்த பொருளில் வேறு வினைகள் இருக்கின்றனவே, அவற்றிலிருந்து இது எங்கே பிரிகிறது? 'டிஸ்கிரைப்' என்பதற்குள் இருப்பது எழுதுதல். அது பொதுச்சொல், காணாமல் போன பையையும் போலீஸில் 'டிஸ்கிரைப்' செய்யலாம். 'டிபிக்ட்' என்பதன் வேரில் வண்ணம் தீட்டுதல் இருக்கிறது; ஒரு காட்சியை, ஒரு சம்பவத்தைச் சித்திரிப்பதற்கு ஏற்றது. 'போர்ட்ரே' பெரும்பாலும் ஆளைப் பற்றியது, நடிகர் ஒரு பாத்திரத்தை ஏற்பதற்கும் அதுதான். 'டெலினியேட்' என்பதன் வேர் நேரடியாகவே கோடு. பொருளில் 'லிம்'முக்கு மிக நெருங்கிய உறவு அது. ஆனால் அது அலுவலகத்துக்கும் போகும். எல்லை வரையறுப்பது, பொறுப்புகளைப் பிரித்துக் காட்டுவது எல்லாம் 'டெலினியேட்'. 'லிம்' அங்கெல்லாம் போகாது. அதற்குக் கோடும் வேண்டும், கூடவே பிறந்த ஒளியும் வேண்டும். குறைந்த கோட்டில் வரைந்து, வரைந்ததை ஒளிபெறச் செய்வது. தமிழில் 'தீட்டுதல்', 'சித்திரித்தல்' இரண்டும் பக்கத்தில் வரும். எந்த இடத்திலும் பொருந்தும் ஒற்றைச் சொல் வேண்டாம். வாக்கியத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

எழுத்தில் இது எப்படி இருக்கும் என்று காட்ட, தோட்டப்புற வாழ்க்கையையே எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்: "அந்தக் காலத்தில் ரப்பர்த் தோட்டப் பெண்கள் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போனார்கள். கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. அவர்கள் வாழ்க்கை மிகவும் துயரமானது." இது தகவல். உண்மைதான், ஆனால் யாருடைய உருவமும் எழவில்லை. இன்னொருவர் இப்படி எழுதுகிறார்: "பெரட்டுக் களத்தில் இருட்டு. கங்காணியின் கைவிளக்கு ஒவ்வொரு முகமாக நகர்ந்து போனது. பேர் கூப்பிட்டதும் அவள், இடுப்பில் தூங்கிய பிள்ளையை ஆயாக்கொட்டகையில் கிடத்திவிட்டு, காண்டாவைத் தோளில் ஏற்றினாள். வாளிகள் இரண்டும் ஆடாதபடி கையால் பிடித்துக்கொண்டே நடந்தாள். பிள்ளை எழுந்துவிடக் கூடாது."

(பெரட்டு என்பது காலையில் பேர் கூப்பிடுவது; காண்டா, இரண்டு பக்கமும் வாளி தொங்கும் தோள்கம்பு.) துயரம் என்ற சொல் இதில் இல்லை. அவள் உயரம், நிறம், வயது எதுவுமில்லை. வாளியைப் பிடித்த ஒரு கைதான் இருக்கிறது. அந்தக் கோடு சரியான இடத்தில் விழுந்துவிட்டதால் ஆள் முழுதாக எழுந்துவிடுகிறாள். இந்த இரண்டாவது பத்தியைப் பற்றி மதிப்புரை எழுதும்போதுதான் ஒருவர் நம்பிக்கையோடு 'லிம்ஸ்' என்று போடலாம்: 'தி ரைட்டர் லிம்ஸ் தி லைஃப் ஆஃப் ஆன் எஸ்டேட் வுமன்'. முப்பது பக்கத்துக்குக் குடும்ப வரலாறு, வீட்டுச் சாமான், உடை, உணவு என்று நிறைத்து எழுதும் நாவலாசிரியரும் உண்டு. அவரும் நல்ல எழுத்தாளராக இருக்கலாம், ஆனால் அவர் செய்வதற்கு 'போர்ட்ரே' பொருத்தம் என்பது என் கருத்து. எல்லாரும் இந்த வேறுபாட்டைப் பார்த்து எழுதுவதில்லை. அகராதியும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் சொல்லைக் கூர்மையாகக் கையாளுகிறவர்களிடம் இது தெரியும்.

ஒளியை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளும் ஒரு வழக்கும் இலக்கியத்தில் நிறையவே உண்டு. ஒரு பொருளின் விளிம்பில் வெளிச்சம் ஓடி, அதன் வடிவத்தைப் பிரித்துக் காட்டினால் அதற்கும் 'லிம்'தான். நிலவொளி மரக்கிளைகளை 'லிம்' செய்யும், உறைபனி இலை நரம்பை 'லிம்' செய்யும். பட்டர்வொர்த்திலிருந்து சாயங்காலம் ஃபெரியில் வருகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. சூரியன் பினாங்கு மலைக்குப் பின்னால் இறங்கும்போது மலை கறுத்துவிடும், முகடு மட்டும் பொன் கோடாகத் தெரியும். 'தி செட்டிங் சன் லிம்ட் தி ரிட்ஜ்' என்று அதை எழுதலாம். ஏட்டின் ஓரத்தில் பொன் ஒட்டிய பழைய பொருள் இங்கே கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. இந்த வழக்கில் எழுவாயாக எழுத்தாளர் வர மாட்டார். நிலா, விளக்கு, மின்னல், பனி என்று வரும்.

இவ்வளவு அழகான சொல்லை எங்கே வேண்டுமானாலும் போடலாமா? கூடாது. 2010-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து நாளிதழ் 'தி சன்', தேர்தல் பற்றிய முதல் பக்கச் செய்தி ஒன்றின் தலைப்பில் இந்த வினையைப் போட்டது. வேட்பாளர்களுக்கு இடையிலான வேறுபாட்டைத் துலக்கிக் காட்டுவது என்ற பொருளில். இலக்கணப்படி பிழையே இல்லை. ஆனால் வாசகர்கள் கோபப்பட்டார்கள். காலையில் பேப்பரைத் திறந்தவரை அகராதி தேட வைப்பது என்ன மரியாதை என்று எழுதினார்கள். வாசகர் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். செய்தித் தலைப்பு ஓடிக்கொண்டே படிக்கிற இடம். அங்கே ஒரு நுண்தூரிகைக்கு வேலையில்லை. நூல் மதிப்புரைகளிலும் இது அளவுக்கு மீறிப் புழங்கி, மதிப்புரையாளர்களின் வாய்ப்பாட்டுச் சொல் என்ற பெயர் வாங்கிவிட்டது. எல்லா நாவலும் எதையாவது 'லிம்' செய்துகொண்டே இருந்தால் சொல் மழுங்கத்தானே செய்யும்.

சரியான இடத்தில் விழுந்தால் இதற்கு ஈடு கிடையாது. டோனி மாரிசன் 1993-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரை முழுக்க மொழியைப் பற்றியது. அதில், ஒரு மொழியின் உயிர்ப்பு எங்கே இருக்கிறது என்று சொல்ல வரும்போது அவர் இந்த வினையைத்தான் எடுக்கிறார். அந்த மொழியைப் பேசுகிறவர்கள், வாசிப்பவர்கள், எழுதுகிறவர்கள் ஆகியோரின் நிஜ வாழ்க்கைகளையும், கற்பனை வாழ்க்கைகளையும், சாத்தியமான வாழ்க்கைகளையும் 'லிம்' செய்யும் ஆற்றலில் இருக்கிறது என்கிறார். அந்த மூன்றாவதைக் கவனியுங்கள். சாத்தியமான வாழ்க்கை இன்னும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றை 'டிஸ்கிரைப்' செய்ய எதைப் பார்த்து எழுதுவது? அதற்குக் கோடு போட்டுக் காட்டத்தான் முடியும். அந்த இடத்தில் வேறு எந்த வினையைப் போட்டுப் பார்த்தாலும் வாக்கியம் சற்றுச் சுருங்கிவிடுகிறது.

இனி, எழுதப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இது செயப்படுபொருள் குன்றா வினை. எதை என்ற கேள்விக்கு விடை வாக்கியத்தில் இருந்தாக வேண்டும், 'ஷி லிம்ஸ் வெல்' என்று மொட்டையாக நிற்காது. பின்னால் 'அபௌட்' சேர்க்கக் கூடாது, வினையை ஒட்டியே செயப்படுபொருள் வரும். ஒரு வாழ்க்கை, ஓர் ஊர், ஒரு குணம், இரண்டு பேருக்கு இடையிலான உறவு, ஒரு காலம், இவையெல்லாம் அதற்குப் பொருத்தமான செயப்படுபொருள்கள். சமையல் குறிப்பு, வழி சொல்வது, கணக்கு விளக்குவது இவற்றுக்கு ஆகாது. பேச்சிலும் தவிர்ப்பது நல்லது. கை, கால் என்ற பொருள் தரும் 'லிம்'முக்கும் இதற்கும் உச்சரிப்பில் வித்தியாசமே இல்லை, கேட்பவர் குழம்பிப்போவார்.

பல்கலைக்கழகம் போக எழுதும் ஆங்கிலத் தேர்வான மூவெட் கட்டுரையில் போடலாமா என்று கேட்கும் மாணவர்களுக்கு என் பதில்: ஒரு கதையையோ கவிதையையோ பற்றி எழுதுகிறீர்கள் என்றால், ஒரே ஒரு முறை, அடுத்த வாக்கியத்திலேயே அந்த எழுத்தாளர் போட்ட கோடு எது என்று எடுத்துக் காட்ட முடிந்தால் போடுங்கள். அது முடியவில்லை என்றால் 'டிஸ்கிரைப்' என்றே எழுதுங்கள், மதிப்பெண் குறையாது.

'லிம்னர்' என்ற பெயர்ச்சொல்லை வரலாற்று நூல்களில் பார்த்தால் பயப்பட வேண்டாம். அமெரிக்கா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது முறையான பயிற்சி இல்லாமல் ஊர் ஊராகப் போய் முகப்படம் வரைந்த ஓவியர்களை அப்படி அழைத்தார்கள். ஸ்காட்லாந்தில் அரச குடும்பத்துக்கு 'பெயின்டர் அண்ட் லிம்னர்' என்ற பதவி இன்றும் இருக்கிறது. 2001-இல் எலிசபெத் பிளாக்காடர் அதில் நியமிக்கப்பட்டார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.